இதய வால்வும் ஆயுள் கணக்கும்

1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 52 வயதான ஒருவருக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை அகற்றிவிட்டு அந்த இடத்தில் செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். எந்தச் சரக்கு லாரி எந்த ஊருக்கு எப்போது புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்வது அவருடைய தொழில். அறுவைச் சிகிச்சை செய்தவர் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் மருத்துவர். வால்வை வடிவமைத்தவர் லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். முழு இதயத்தையே செயற்கையாகச் செய்துவிட வேண்டும் என்ற ஆசையோடு வந்த எட்வர்ட்ஸை, முதலில் ஒரு வால்வில் தொடங்குவோம் என்று ஸ்டார் இணங்கவைத்தார். அப்படிப் பிறந்தது, சிறு கூண்டுக்குள் ஒரு பந்து ஏறி இறங்கும் ஸ்டார்–எட்வர்ட்ஸ் வால்வு.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் அதே வால்வைப் பெற்ற முதல் நோயாளி, அறுவைச் சிகிச்சை நடந்த அன்றே இறந்துவிட்டார். லாரி நிறுவன ஊழியரோ பிழைத்தார், வீடு திரும்பினார், பல ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசியில், தம் வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார்.

இந்த இறப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? வால்வு நன்றாகவே இருந்தது. ஆனாலும் வால்வு பொருத்திக்கொண்டவர்களில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதும் உண்மைதான். இறப்பு எதனால் வந்தாலும் இறப்பே என்று எண்ணினால் ஒரு விழுக்காடு கிடைக்கும். வால்வினால் வந்த இறப்பை மட்டும் எண்ணினால் வேறொரு விழுக்காடு கிடைக்கும். வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருவர் எத்தனை ஆண்டுகள் வாழ்வார் என்று கணிக்க முற்பட்டவர்கள் தொடக்கத்திலேயே சந்தித்த சிக்கல் இது.

அறுவை அரங்குக்குள் செல்லுமுன் ஒரு குடும்பம் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கும். ‘ஆபரேஷனில் ஆபத்து உண்டா?’ என்பது முதல் கேள்வி. ‘அதற்குப் பிறகு எத்தனை வருடம்?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு இன்று தசமப் புள்ளியோடு பதில் வருகிறது. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 128 மருத்துவமனைகளில் 1995ஆம் ஆண்டு இதய அறுவைச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 19,000 பேரின் விவரங்களைத் திரட்டி, 1999இல் ‘யூரோஸ்கோர்’ என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். நோயாளியின் வயது, சிறுநீரகத்தின் நிலை, நுரையீரலின் நிலை, இதயத்தின் சுருங்கும் ஆற்றல், அவசர அறுவையா திட்டமிட்ட அறுவையா என்பன போன்ற விவரங்களை இட்டால், உயிருக்கான ஆபத்து இத்தனை விழுக்காடு என்று அது சொல்லிவிடும். பின்னர் அதன் திருத்திய வடிவமும் வந்தது. ஆனால் இந்த மதிப்பெண், நோயாளி மருத்துவமனையிலிருந்து உயிரோடு வெளியேறும் வரையுள்ள ஆபத்தைத்தான் அளக்கிறது. வாசற்படியைத் தாண்டிய பிறகு வரும் பத்து, இருபது ஆண்டுகளைச் சொல்வதற்காக அது செய்யப்படவில்லை.

இரண்டாவது கேள்வி எளிதில் பிடிபடாதது. வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் ஆகிய எல்லாம் அதைச் சுற்றியே நிற்கின்றன. ஆயினும் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் இது புதிய கேள்வி அன்று. வால்நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி, 1693இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு ஓர் ஆயுள் அட்டவணையைத் தொகுத்தார். வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக ஒருவருக்கு வாக்களித்தால், அதற்கு இன்று எவ்வளவு முன்பணம் வாங்குவது நியாயம் என்பதை அந்த அட்டவணை காட்டியது. இன்று ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை முடிவுசெய்யும் கணக்கின் மூதாதை அதுதான். வால்வு நோயாளிகளின் ஆயுளைக் கணக்கிட வந்தவர்களும் காப்பீட்டாரின் இந்தப் பெட்டியிலிருந்துதான் முதல் கருவியை எடுத்தார்கள்.

ஆனால் மருத்துவமனைக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. பிரீமியம் நின்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிந்துவிடும். நோயாளி வருவது நின்றால் மருத்துவமனைக்கு எதுவும் தெரியாது.

வராமல் போனவர்கள்

1958ஆம் ஆண்டு அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் எட்வர்ட் கப்லான், பால் மெயர் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இருவரும் சேர்ந்து ஆய்வு செய்தவர்கள் அல்லர். கப்லான், கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்தப்படும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். மெயர் நோயாளிகளின் ஆயுளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கணக்கு ஒன்றே என்று தெரிந்ததும், இரு கட்டுரைகளையும் ஒன்றாக்க நேர்ந்தது. கடலடிக் குழாயும் மனித உயிரும் ஒரே சூத்திரத்துக்குள் வந்த அந்தக் கட்டுரை, இன்று மருத்துவ உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று.

அதன் உயிர்நாடியை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 100 பேருக்கு வால்வு மாற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 5 பேர் இறந்தனர். 95 பேர் இருக்கின்றனர். அவர்களில் 45 பேர் அதற்குப் பின் மருத்துவமனைக்கு வரவே இல்லை. தொடர்ந்து வந்த 50 பேரில் 5 பேர் இரண்டாம் ஆண்டில் இறந்தனர். அப்படியானால், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருப்போர் எத்தனை விழுக்காடு?

வராதவர்கள் எல்லாரும் நலமே என்று எண்ணினால், இறந்தவர்கள் 10 பேர்தான், விடை 90. வராதவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று எண்ணினால் விடை 45. இரண்டும் ஒரே மருத்துவமனை, ஒரே ஏடு! கப்லானும் மெயரும் சொன்ன வழி இது: வராதவரை, அவர் கடைசியாக வந்த நாள் வரைக்கும் கணக்கில் வை, அதற்கு மேல் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். முதல் ஆண்டைத் தாண்டும் வாய்ப்பு 100க்கு 95. இரண்டாம் ஆண்டைத் தாண்டும் வாய்ப்பு, தொடர்ந்து வந்த 50 பேரில் 45, அதாவது 100க்கு 90. இரண்டையும் பெருக்கினால் விடை 85.5 விழுக்காடு.

அழகான கணக்குதான். ஆனால் அது சொல்லாமல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. வராமல் போனவர்களின் நிலையும் வந்தவர்களின் நிலையும் ஒன்றே என்பதுதான் அது. கடலடியில் கிடக்கும் குழாய்க்கு இது பொருந்தலாம். மாதக் கூலி வாங்கும் குடும்பத்துக்குப் பொருந்துமா? ஒருவர் வராமல் இருப்பதற்கு உடல் நன்றாக இருக்கிறது என்ற நிம்மதி காரணமாக இருக்கலாம். ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க முடியாத நிலை காரணமாக இருக்கலாம். இறந்துபோனதால் வராமல் இருக்கலாம். மூன்றும் ஏட்டில் ஒரே வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும். பலர் வராமல்போன ஓர் ஆய்வில் ‘பத்தாண்டில் இத்தனை விழுக்காடு பிழைத்திருந்தனர்’ என்று அச்சாகும் எண்ணை நான் எப்போதும் சற்று ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

எல்லாரையும் தேடிக் கண்டுபிடித்தால் என்ன தெரியவரும் என்பதற்கு இரண்டு நாடுகளைச் சொல்லலாம்.

1979 முதல் 1986 வரை விற்பனையான ஒருவகை பியார்க்–ஷைலி வால்வு உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதில் வட்டைத் தாங்கும் உலோகக் கம்பி ஒன்று, பற்றவைத்த இடத்தில் சில நோயாளிகளுக்கு முன்னறிவிப்பின்றி முறிந்தது. முறிந்தால் வட்டு நழுவிவிடும். உயிர் பிழைப்பது அரிது. 1986இல் வால்வு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே உடலில் உள்ள வால்வை என்ன செய்வது? அகற்றினால் அறுவைச் சிகிச்சையின் ஆபத்து. விட்டுவைத்தால் கம்பி முறியும் ஆபத்து. நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள், தங்கள் நாட்டில் அந்த வால்வைப் பெற்ற 2,303 பேரையும் பற்றிய விவரங்களைத் திரட்டி, 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். எந்த அளவுள்ள வால்வு, எந்த இடத்தில் பொருத்தப்பட்டது, நோயாளியின் வயது என்ன என்பதைப் பொறுத்து ஆபத்து பெரிதும் மாறியது. பெரிய வால்வு உள்ள இளைஞருக்கு, மாற்றிவிடுவது நல்லது. சிறிய வால்வு உள்ள முதியவருக்கு, தொடாமல் விடுவது நல்லது. ஒரே வால்வுக்கு இரண்டு எதிரெதிர் அறிவுரைகள், இரண்டும் சரி. ஒவ்வொரு நோயாளியின் பெயரும் வால்வின் அளவும் ஏட்டில் இருந்ததால்தான் இப்படிப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

அடுத்தது சுவீடன். அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மருத்துவமனை ஏடும் இறப்புப் பதிவேடும் அந்த எண்ணால் இணைந்தவை. 1995 முதல் 2013 வரை அயோர்ட்டிக் வால்வு மாற்றிக்கொண்ட 23,528 பேரை, அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக அவர்கள் இழந்த ஆயுள் ஏறத்தாழ 1.9 ஆண்டுகள். வயதுவாரியாகப் பார்த்தபோதுதான் வியப்பு. 80 வயதைத் தாண்டியவர்கள் இழந்தது 0.4 ஆண்டு, அதாவது ஐந்து மாதம் போல. 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இழந்தது 4.4 ஆண்டுகள். ‘இந்த வயதில் தாத்தாவுக்கு ஆபரேஷன் தேவையா?’ என்று கேட்கும் குடும்பங்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவையைத் தாங்கும் உடல் உள்ள முதியவர், வால்வை மாற்றியபின் ஏறக்குறைய தம் வயதொத்தவர்களைப் போலவே வாழ்கிறார். கூடுதல் கவனம் தேவைப்படுவது இளையவருக்கே.

இதயம் எழுதிவைத்த பழைய கணக்கு

வால்வு புதிது, இதயம் பழையது. நீண்டகால ஆயுளைத் தீர்மானிப்பவற்றுள் பெரும்பங்கு, அறுவைக்கு முன்பே நடந்துமுடிந்தவை. சுருங்கிப்போன அயோர்ட்டிக் வால்வுக்கு எதிராகப் பல ஆண்டுகள் குருதியைத் தள்ளிய இதயத் தசை முதலில் தடிக்கிறது. பிறகு அதற்குள் வடுவாகிறது. வால்வை மாற்றினால் தடிப்புக் குறையும், வடு போகாது. நுரையீரல் குருதிக்குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தால், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டிருந்தால், சிறுநீரகம் தளர்ந்திருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், அவை ஒவ்வொன்றும் கணக்கிலிருந்து சில ஆண்டுகளைக் கழிக்கின்றன.

இதில் ஏமாற்றும் எண் ஒன்று உண்டு. எக்கோ அறிக்கையில் ‘எஜெக்ஷன் ஃபிராக்ஷன்’ என்று அச்சிட்டிருக்கும் விழுக்காட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதயத்தின் இடப்பக்கக் கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள குருதியில் எவ்வளவை வெளியேற்றுகிறது என்பதன் அளவு அது. 55, 60 என்றிருந்தால் நலம் என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் மைட்ரல் வால்வு கசிபவருக்கு, அந்தக் குருதியில் ஒரு பகுதி முன்னே போகாமல் பின்னோக்கிக் கசிகிறது. கசிவதும் வெளியேற்றக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் எண் உயர்ந்து தெரிகிறது. ஆகவேதான் கடுமையான மைட்ரல் கசிவு உள்ளவருக்கு அந்த எண் 60ஐத் தொட்டாலே தசை தளரத் தொடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். மூச்சு வாங்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருப்பது வரவைக் கூட்டாமல் செலவை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010இல் ஒரு கடுமையான சான்று கிடைத்தது. மார்பைத் திறக்க இயலாத அளவு உடல் தளர்ந்த, அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கிய 358 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தொடைக் குருதிக்குழாய் வழியாகப் புதிய வால்வு. மறு குழுவுக்கு மருந்து முதலான வழக்கமான கவனிப்பு. ஓராண்டு முடிவில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுள் 50.7 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். வால்வு பெற்றவர்களுள் 30.7. ஐந்து ஆண்டுகளில் அவை 93.6, 71.8 என்றாயின. இரண்டு உண்மைகளும் இங்கே ஒருசேர நிற்கின்றன: வால்வு உயிரைக் காத்தது, ஆனால் தளர்ந்த உடலின் மற்ற நோய்களை வால்வு மாற்றவில்லை.

எந்த வால்வு என்ற தேர்வும் ஆயுள் கணிப்பின் மேல்தான் நிற்கிறது. உலோகம் அல்லது கார்பனால் ஆன இயந்திர வால்வு தேயாமல் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் குருதி உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யும் திசு வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் தேவைப்படும். ஆனால் அது தேயும், இளையவர் உடலில் விரைவாகத் தேயும். எனவே இளையவருக்கு இயந்திர வால்வு, முதியவருக்குத் திசு வால்வு என்பது பொதுவான நெறி. நடுவயதினருக்குத்தான் திண்டாட்டம்.

இந்தத் திண்டாட்டத்தைத் தீர்க்க அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 13 மருத்துவமனைகளில் 1977 முதல் 1982 வரை 575 ஆண்களுக்குச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டில் ஒரு வகை வால்வைப் பொருத்தினார்கள். 11 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பிழைத்திருப்போர் எண்ணிக்கையில் இரு வகைக்கும் வேறுபாடு இல்லை. 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அயோர்ட்டிக் வால்வு மாற்றியவர்களுள் இயந்திர வால்வினர் 66 விழுக்காட்டினரும் திசு வால்வினர் 79 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். பத்தாண்டுக் கணக்கு சொல்லாததைப் பதினைந்தாண்டுக் கணக்கு சொன்னது. ஆனால் இந்த முடிவு 2000ஆம் ஆண்டு அச்சாவதற்குள், சோதிக்கப்பட்ட வால்வுகளின் காலமே முடிந்து புதிய வகைகள் வந்துவிட்டன. நீண்டகாலக் கணிப்பின் தலையெழுத்து அது. எப்போதும் நேற்றைய வால்வைப் பற்றியே உறுதியாகப் பேச முடியும்.

திருவனந்தபுரத்தில் ஒரு வட்டு

இந்தியாவுக்கு வருவோம். 1970களில் இங்கே வால்வு மாற்ற வேண்டுமென்றால் வெளிநாட்டு வால்வை வாங்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது எட்டாத விலை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில், அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில் உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். ஒரு வளையத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் வட்டு, பார்வைக்கு எளிது. ஆனால் நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,00,800 முறை, ஓர் ஆண்டுக்கு 3.68 கோடி முறை அது திறந்து மூட வேண்டும். பத்தாண்டுக்கு 36 கோடியைத் தாண்டும்.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. மூன்றாவதில் வட்டைச் செயற்கை நீலக்கல்லால் செய்திருந்தார்கள். அத்தனை கடினமான கல், சோதனைக்காகப் பொருத்தப்பட்ட ஆட்டின் உடலுக்குள் உடைந்தது. நான்காவது மாதிரியில் வட்டை உயர்வகைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் செய்தார்கள். அதைத் தாங்கும் சட்டகத்தைப் பற்றவைக்காமல், கோபால்ட் கலப்புலோகத்தின் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தார்கள். பற்றவைத்த கம்பியால் பியார்க்–ஷைலி வால்வுக்கு நேர்ந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து, நாடு முழுவதும் வழங்கியது. பிளாஸ்டிக் வட்டு என்பதால் மூடும் ஓசையும் சற்றுத் தாழ்ந்ததுதான்.

சந்தைக்கு விடுமுன் ஆறு மருத்துவமனைகளில் 306 பேரிடம் அதைச் சோதித்தார்கள். அவர்களில் 101 பேருக்கு அயோர்ட்டிக் வால்வு, 205 பேருக்கு மைட்ரல் வால்வு. இந்த விகிதத்திலேயே நம் நாட்டின் கதை இருக்கிறது. மேலை நாடுகளில் வால்வு மாற்றுவோரில் பலர், முதுமையில் சுண்ணாம்பு படிந்து அயோர்ட்டிக் வால்வு சுருங்கியவர்கள். நம் நாட்டில் இன்னும் பெரும்பங்கு ருமாட்டிக் காய்ச்சலின் விளைவு. பள்ளி வயதில் வந்த தொண்டைப்புண், கவனிக்காமல் விட்டதால் மூட்டுவலியும் காய்ச்சலுமாகி, மைட்ரல் வால்வைச் சிதைத்துவிட்டுப் போகிறது. இருபதிலும் முப்பதிலும் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. அறுவை மேசைக்கு வருகிறவர்களில் பலர் இளம்பெண்கள். பலர் தாய்மையை எதிர்நோக்கி இருப்பவர்கள். குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, கருவின் முதல் மாதங்களில் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. நிறுத்தினாலோ வால்வில் குருதி உறையும். வால்வின் தேர்வும் கருவுறும் திட்டமும் இதய மருத்துவரோடும் மகப்பேறு மருத்துவரோடும் முன்கூட்டியே பேசவேண்டியவை.

எழுபது வயது ஐரோப்பியரைக் கொண்டு வரைந்த வளைகோட்டை இந்தப் பெண்ணுக்கு எப்படிப் பொருத்துவது? அவளுக்கான வளைகோட்டை நம் நாட்டு நோயாளிகளைக் கொண்டுதான் வரைய முடியும். அதற்கு அவர்கள் திரும்பி வரவேண்டும்.

திரும்பி வருவதன் விலை

வருவதால் பயன் ஏட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இயந்திர வால்வு உள்ளவரின் ஆயுள், ‘ஐ.என்.ஆர்.’ என்ற குருதிப் பரிசோதனையில் தொங்குகிறது. மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு உள்ளவருக்கு அந்த எண் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையே இருக்கவேண்டும் என்பார்கள். அயோர்ட்டிக் இடத்தில் என்றால் சற்றுக் குறைவாக. கீழே போனால் வால்வில் குருதி உறைந்து பக்கவாதம் வரலாம். மேலே போனால் மூளையிலோ குடலிலோ குருதி கசியலாம். திடீரென்று முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் நாள்தோறும் உண்ணத் தொடங்கினாலும், பல் வலிக்கோ காய்ச்சலுக்கோ தாமாக மாத்திரை வாங்கி விழுங்கினாலும் அந்த எண் ஆடும். கீரையே கூடாது என்பதில்லை. அளவு ஏறி இறங்கக் கூடாது. மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டிய இந்த எண்ணுக்கு மாற்றாகப் புதுவகை மாத்திரை ஒன்றை இயந்திர வால்வினரிடம் சோதித்தபோது, குருதி உறைவும் கசிவும் இரண்டுமே அதிகமானதால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே பழைய மாத்திரையும் பழைய பரிசோதனையுமே இன்றும் துணை.

இங்கேதான் பணக்கணக்கு குறுக்கிடுகிறது. ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. இதய அறுவையும் அதில் அடங்கும். 2024 முதல் 70 வயது நிறைந்த எல்லாருக்கும், வருமானம் எதுவாயினும், அது கிடைக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் அத்திட்டம் ஏற்கும் செலவு 15 நாள்களுக்கு. தனியார் காப்பீட்டில் பல பாலிசிகள் 60 அல்லது 90 நாள்கள் வரை தருகின்றன. ஐ.என்.ஆர். பரிசோதனையோ 15 நாளுக்கு அல்ல, வாழ்நாளுக்கு. மாத்திரையின் விலை சிறிது. சோதனைக்கும் பயணத்துக்கும் இழந்த கூலிக்கும் சேர்த்துப் பார்த்தால்தான் பெரிது. அறுவைக்குப் பல லட்சங்களைத் திரட்டிய குடும்பம், மாதாமாதம் போகும் இந்தச் சிறு செலவில் தளர்ந்துபோவதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அறுவைக்குச் சேர்க்கும்போதே, பின்வரும் செலவுக்கென்று ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தனியே தொடங்கிவைப்பது நலம். பரிசோதனை நாளுக்கு முந்தைய வாரம் அது முதிருமாறு அமைத்துக்கொண்டால் இன்னும் வசதி.

வால்வு நோய் கண்டறிந்த பின் மருத்துவக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்திருக்கிறது. நோயை மறைத்து எடுக்கும் பாலிசி, தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

மற்றவை சிறியவை போலத் தோன்றும். ஆனால் சிறியவை அல்ல. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு, வால்வை மாற்றிய பின்னும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. புதிய வால்வை ஊசி காப்பதில்லை, மீதமுள்ள வால்வுகளைக் காக்கிறது. பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈறிலிருந்து குருதியில் கலக்கும் கிருமி வால்வில் குடியேறக்கூடும். விளங்காத காய்ச்சல் சில நாள்கள் நீடித்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாமல், முதலில் குருதியில் கிருமி உண்டா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இரவின் அமைதியில் இயந்திர வால்வு மூடும் ‘டிக்’ ஓசை காதில் விழும். தொடக்கத்தில் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த ஓசை, நாளடைவில் பழகிவிடும். அது மங்கினாலோ நின்றாலோ, புதிதாக மூச்சுத் திணறினாலோ, அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை ஒரு சிறு அட்டையைத் தரும். வால்வின் வகை, அளவு, வரிசை எண், பொருத்திய நாள், பொருத்திய இடம் எல்லாம் அதில் இருக்கும். பலர் அதைக் கட்டணச் சீட்டுகளோடு சேர்த்துப் பையில் போட்டு மறந்துவிடுகிறார்கள். நெதர்லாந்தில் 2,303 பேரைக் கண்டுபிடிக்க உதவியது இத்தகைய ஏட்டு விவரங்களே. அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். 14 இலக்க ‘ஆபா’ உடல்நல அடையாள எண்ணைப் பெற்றிருப்பவர்கள் அறுவைக் குறிப்புகளையும் அதனோடு இணைக்கச் சொல்லலாம். வீடு மாறும்போதும் கைபேசி எண் மாறும்போதும் வங்கிக் கிளைக்கு வந்து விவரத்தைப் புதுப்பிக்கிறீர்கள். அதே வாரத்தில், வால்வு மாற்றிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கும் ஒருமுறை தொலைபேசியில் பேசி, பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.